துடிப்பு சரி, வரிசை சரியா? பேஸ்மேக்கர் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பேஸ்மேக்கரைப் பற்றியவை. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை. ரிப்போர்ட் இணைத்து அனுப்பியவர்களுக்கு அதைப் பார்த்தே பதில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் முடிவெடுக்க வேண்டியவர் உங்களை நேரில் பரிசோதிக்கும் மருத்துவர்தான்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. நான்கு வருடத்துக்கு முன் 'கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்' என்று பேஸ்மேக்கர் வைத்தார்கள். அதற்குப் பிறகு மயக்கமே வரவில்லை. ஆனால் ஆறு மாதமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சாயங்காலமானால் கால் வீங்குகிறது. எக்கோ என்ற இதய ஸ்கேனில் இ.எஃப்., அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம், 60-லிருந்து 34-க்கு வந்துவிட்டது. பேஸ்மேக்கரைச் சோதித்தவர் 'பெட்டி அருமையாக வேலை செய்கிறது' என்கிறார். இதய மருத்துவரோ புதிதாக இன்னொரு ஒயர் வைக்க வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரிதான், அம்மா. நீங்கள் அனுப்பிய செக்-அப் தாளில் பாட்டரி, ஒயர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மேலேயே போட்டிருக்கிறது. கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது, பார்த்தீர்களா? கீழறை பேசிங் 99 சதவீதம். அதாவது அப்பாவின் நூறு துடிப்பில் தொண்ணூற்றொன்பதைப் பெட்டிதான் தருகிறது. விஷயம் அந்த வரியில்தான் இருக்கிறது.

இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் சைனஸ் முனையில்தான் ஒவ்வொரு துடிப்பும் பிறக்கிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள ஏ.வி. முனையில் அந்த மின்சாரம் ஒரு கணம் தாமதிக்கும். மேலறை ரத்தத்தைக் கீழே இறக்கி முடிப்பதற்கான அவகாசம் அது. அப்புறம் ஹிஸ் கற்றை வழியாக இறங்கி வலது, இடது என்று இரண்டு கிளைகளாகப் பிரிந்து, மெல்லிய பர்கின்ஜி இழைகள் மூலம் இரண்டு கீழறைகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். இந்தக் கடைசிக் கட்டம் முழுவதற்கும் ஆகும் நேரம் சுமார் 80 முதல் 100 மில்லி விநாடி.

அப்பாவுக்கு நடுவில் பாதை அறுந்துவிட்டது. 'கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்' என்பது அதுதான். அதனால் வலது கீழறையின் அடிநுனியில் ஒயரை வைத்து அங்கிருந்து தூண்டுகிறார்கள். உயிரைக் காப்பாற்றிய வைத்தியம் அது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த நுனியிலிருந்து கிளம்பும் மின்சாரத்துக்கு விரைவுப் பாதை கிடையாது. தசை விட்டுத் தசையாக ஊர்ந்துதான் பரவ வேண்டும். வலது பக்கமும் நடுச்சுவரும் முதலில் சுருங்கிவிடும். இடது கீழறையின் வெளிச்சுவருக்குத் தகவல் போய்ச் சேரும்போது நடுச்சுவர் தளர ஆரம்பித்திருக்கும். ஈரப் போர்வையை இரண்டு பேர் பிழியும்போது ஒருவர் முறுக்கி முடித்த பிறகு மற்றவர் முறுக்கத் தொடங்கினால் எப்படி இருக்கும்? இருவருமே உழைக்கிறார்கள், தண்ணீர் மட்டும் வடியாது.

அப்பாவின் ஈ.சி.ஜி. தாளை எடுத்துப் பாருங்கள். குறுக்காக ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி விநாடி. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் ஊசி மாதிரி நேர்க்கோடு ஒன்று தெரியும். பெட்டி கொடுக்கும் தூண்டுதல் அது. அதை ஒட்டி வரும் பெரிய அலையின் அகலத்தை எண்ணுங்கள். சாதாரணமாக மூன்று கட்டத்துக்குள் அடங்க வேண்டும். அப்பாவுடையது நாலரைக் கட்டம், அதாவது 180 மில்லி விநாடி.

வலது பக்கத் தூண்டுதலில் இப்படியொரு ஆபத்து இருக்கிறது என்பதை 2002-ல் வந்த 'டேவிட்' ஆய்வு எச்சரிக்கையாகவே சொன்னது. ஏற்கெனவே பலவீனமான இதயம் உள்ளவர்களுக்குத் தேவையில்லாமல் நிமிடத்துக்கு 70 என்று பேசிங் கொடுத்தபோது, சும்மா விட்டவர்களைவிட அவர்களுக்கு மரணமும் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதும் அதிகமாயின. இதைப் படித்துவிட்டு பேஸ்மேக்கர் வைத்த எல்லோரும் கலங்க வேண்டாம். வருடக்கணக்கில் வலது பக்கத் தூண்டுதலோடு நலமாக இருப்பவர்களே அதிகம். அதிக சதவீதம் பேசிங் ஆகிறவர்களில் பத்துக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் இதயம் இப்படித் தளர்கிறது. அவர்களைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு இதில் ஒரு ஆதங்கம் உண்டு. பாட்டரி எத்தனை வருடம் வரும் என்று கேட்காத குடும்பமே கிடையாது. பேசிங் எத்தனை சதவீதம் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. நாங்களும் சொல்வதில்லை. சதவீதம் இருபதைத் தாண்டினால் குறிப்பிட்ட இடைவெளியில் எக்கோ எடுத்துப் பார்ப்பது நல்லது. மூச்சு வாங்க ஆரம்பித்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் உடனே எடுக்க வேண்டும்.

சரி, அப்பாவுக்கு என்ன செய்வது? முதலில் ரத்தக்குழாய் அடைப்பு, மேலறைத் துடிப்புக் கோளாறு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதி செய்துகொள்வார்கள். அதன் பிறகு இடது பக்கத்தையும் சேர்த்துத் தூண்டும் சி.ஆர்.டி. கருவியாக மாற்றுவதுதான் வழி. இவரைப் போலவே பேசிங்கால் அலை அகன்று இ.எஃப். 35-க்குக் கீழ் போனவர்களை வைத்து நடந்த 'புடாபெஸ்ட்' ஆய்வு 2023-ல் வெளியானது. இப்படி மாற்றியவர்களுக்கு மருத்துவமனை வாசமும் மரணமும் நன்றாகவே குறைந்தன. ஒப்புக்கொள்ளுங்கள், அம்மா. தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: எனக்கு இதயச் செயலிழப்பு. இ.எஃப். 28. ஈ.சி.ஜி.யில் எல்.பி.பி.பி., அலையின் அகலம் 164 மில்லி விநாடி என்று இருக்கிறது. நாடி நிமிடத்துக்கு 78, ஒழுங்காகத்தான் அடிக்கிறது. எனக்கு எதற்கு பேஸ்மேக்கர்? வைத்துக்கொண்டால் மாத்திரைகளை நிறுத்திவிடலாமா?

பதில்: நாடி எண்ணிக்கை குறைந்தால்தான் பேஸ்மேக்கர் என்பது பழைய கணக்கு, ஐயா. உங்களுக்குச் சொல்லியிருப்பது எண்ணிக்கைக்கான கருவி இல்லை, வரிசைக்கான கருவி. மேலே அந்த அம்மாவுக்கு எழுதியதைப் படித்துப் பாருங்கள். அவருடைய அப்பாவுக்குப் பெட்டியால் வந்த கோளாறு, உங்களுக்கு இடது கிளை அடைபட்டதால் இயற்கையாகவே வந்திருக்கிறது. எல்.பி.பி.பி. என்பது அந்த அடைப்புதான்.

சி.ஆர்.டி.யில் மூன்று ஒயர் இருக்கும். ஒன்று வலது மேலறைக்கு, ஒன்று வலது கீழறைக்கு. மூன்றாவதைத்தான் மெனக்கெட்டு வைக்க வேண்டும். இதயத்தின் சொந்த ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் கரோனரி சைனஸ் என்ற சிரை வலது மேலறைக்குள் வந்து திறக்கிறது. அந்த வாய் வழியாக உள்ளே போய், சாயம் செலுத்திச் சிரைகளின் படத்தைப் பார்த்து, இடது கீழறையின் வெளிச்சுவர் மேல் ஓடும் ஒரு கிளைக்குள் ஒயரை நகர்த்த வேண்டும். தோதான கிளை சிலருக்கு அமையாது. சிலருக்கு அங்கே போனால் தழும்பான தசை, தூண்டினாலும் அசையாது.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். 2005-ல் வந்த 'கேர் ஹெச்.எஃப்.' ஆய்வில் 813 பேர். எல்லோருக்கும் மாத்திரை, பாதிப் பேருக்குக் கூடவே சி.ஆர்.டி.யும் வைத்தார்கள். கருவி வைத்தவர்களிடம் மரணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அவர்களுடைய அறிகுறிகளும் வாழ்க்கைத் தரமும் நன்றாகவே மேம்பட்டன. ஆனால் எல்லோருக்கும் இது பலிக்காது. சுமார் மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த முன்னேற்றம் வருவதில்லை. எல்.பி.பி.பி. இருந்து அகலம் 150-க்கு மேல் போனவர்களுக்குத்தான் பலன் அதிகம். நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். அகலம் 130-க்குக் கீழே உள்ளவர்களுக்கு வைத்தால் பலனில்லை என்பதோடு கெடுதலும் உண்டு என்று 2013-ல் 'எக்கோ சி.ஆர்.டி.' ஆய்வு காட்டிவிட்டது. அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதயச் செயலிழப்பு, அவருக்கு ஏன் வைக்கவில்லை என்று குழம்பாதீர்கள். அவருடைய அலை குறுகலாக இருக்கலாம்.

மாத்திரைக்கு வருகிறேன். நிறுத்தவே கூடாது. கருவி வைத்த பிறகு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறும், நாடி குறைந்துவிடுமோ என்ற பயமும் இருக்காது. அதனால் முன்பு தாங்க முடியாமல் குறைத்து வைத்திருந்த பீட்டா பிளாக்கர் போன்ற மருந்துகளை இப்போது முழு அளவுக்கு ஏற்ற முடியும். உடம்பு தேறிவிட்டது என்று ஆறாவது மாதத்தில் தாமாகவே மாத்திரையை விட்டுவிட்டு, மறுபடி நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படி வரக்கூடாது.

இன்னொன்று. சி.ஆர்.டி. வைத்தவர்களுக்குப் பேசிங் சதவீதம் அதிகமாக இருக்க வேண்டும், 98-க்கு மேல் இருந்தால் நிம்மதி. மேலறைத் துடிப்புக் கோளாறு வந்தாலோ கூடுதல் துடிப்புகள் நிறைய விழுந்தாலோ அது குறையும். குறைந்தால் பலனும் குறையும். ஒவ்வொரு செக்-அப்பிலும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 26 வயது, ஓட்டப் பந்தய வீரன். ஓய்வில் நாடி 46. பேஸ்மேக்கர் தேவைப்படுமா?

பதில்: தேவைப்படாது, தம்பி. பயிற்சி பெற்ற இதயத்துக்கு இது இயல்பு. ஓடும்போது நாடி ஏறுகிறதா, மயக்கமோ கண் இருட்டுவதோ உண்டா என்பதுதான் முக்கியம். ஓடும்போது மயங்கி விழுந்தால் மட்டும் அன்றே இதய மருத்துவரைப் பாருங்கள். அதை அசதி என்று நினைத்துவிடக் கூடாது.

கேள்வி: இடது கிளையிலேயே நேராகத் தூண்டும் புதிய முறை வந்திருக்கிறதாமே? அதைக் கேட்டு வாங்கலாமா?

பதில்: வந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த முன்னேற்றம் இது. தசையைத் தூண்டுவதற்குப் பதிலாக, இயற்கை போட்டுவைத்த பாதையையே தேடிப்பிடித்துத் தூண்டுவது. 2000-ல் தேஷ்முக் என்ற மருத்துவரும் குழுவினரும் ஹிஸ் கற்றையில் நிரந்தரமாக ஒயர் வைத்துக் காட்டினார்கள். கற்றை மிகச் சிறியது, பிடிப்பது சிரமம். பிடித்தாலும் நாளாக நாளாகத் தூண்டுவதற்கு அதிக வோல்ட் தேவைப்படும் தொல்லை இருந்தது. 2017-ல் சீனாவைச் சேர்ந்த ஹுவாங் குழுவினர் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி, வலது பக்கத்திலிருந்து நடுச்சுவரைத் துளைத்துப் போய் இடது கிளையைத் தொட்டார்கள். அங்கே பிடிமானம் நன்றாக இருக்கிறது, குறைந்த வோல்ட்டே போதும்.

அறுவை அரங்கில் அதைப் பார்ப்பது தனி அனுபவம். நடுச்சுவரின் தடிமன் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். ஒயரைச் சுற்றுச் சுற்றாகத் திருகுகிறோம், கண் எல்லாம் ஈ.சி.ஜி.யின் வி-1 கோட்டில். தொடக்கத்தில் அலை அகன்று, அடியில் பள்ளத்தோடு இருக்கும். திருகத் திருக அந்தப் பள்ளம் வலது பக்கம் நகரும். பிறகு அலையின் கடைசியில் சின்னதாக ஒரு முனை மேலே எழும். இடது பக்கத்தை நெருங்கிவிட்டோம் என்பதற்கு அது அடையாளம். அங்கேயே நிறுத்த வேண்டும். இன்னும் திருகினால் சுவரைத் தாண்டி இடது கீழறைக்குள் போய்விடும்.

கேட்டு வாங்கலாமா என்றால், யாருக்கு என்பதைப் பொறுத்தது. ஹார்ட் பிளாக்கால் அதிகம் பேசிங் தேவைப்படும், ஆனால் இதயம் இன்னும் தளராதவருக்கு இது நல்ல தேர்வு என்பது என் கருத்து. முதல் கேள்வியில் பார்த்த நிலைமை வராமலே தடுக்க இதில் வாய்ப்பு இருக்கிறது. சி.ஆர்.டி.க்குப் போனபோது சிரையில் வழி கிடைக்காதவர்களுக்கும் இது கைகொடுக்கிறது. 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலிலும் இதற்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் வழக்கமான சி.ஆர்.டி.க்குப் பின்னால் இருபது வருட ஆய்வுகள் இருக்கின்றன, இதற்கு அவ்வளவு இல்லை. செய்பவரின் கைப்பழக்கமும் முக்கியம். 'இதை வழக்கமாகச் செய்கிறீர்களா, எனக்கு எது பொருத்தம், ஏன்?' என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். கோபித்துக்கொள்ளும் கேள்வி இல்லை அது.

கேள்வி: சி.ஆர்.டி. வைத்த பிறகு இடது பக்கமாகப் படுத்தால் வயிறு துடிக்கிறது, விக்கல் போல வருகிறது. சொன்னால் வீட்டில் யாரும் நம்பவில்லை.

பதில்: நான் நம்புகிறேன். உதரவிதானத்துக்குப் போகும் ஃப்ரெனிக் நரம்பு, உங்கள் இடது ஒயருக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. இதயத்துக்கான தூண்டுதல் அதற்கும் கசிகிறது. பெரும்பாலும் மறு ஆபரேஷன் தேவைப்படாது. இப்போது வரும் இடது ஒயர்களில் நான்கு முனைகள் இருக்கும். கம்ப்யூட்டரிலேயே வேறு முனைக்கு மாற்றலாம், அல்லது வோல்ட்டைக் கொஞ்சம் குறைக்கலாம். செக்-அப்பின்போது எந்தப் பக்கம் படுத்தால் வருகிறதோ அந்தப் பக்கம் படுத்துக் காட்டுங்கள். உட்கார்ந்தபடியே சோதித்தால் பிடிபடாமல் போகலாம்.

கேள்வி: கணவருக்குப் பெட்டி வைத்து எட்டு மாதம். அந்த இடம் சிவந்து, லேசாக வீங்கி, ஓரத்தில் ஈரமாக இருக்கிறது. வலி அதிகமில்லை. அருகிலுள்ள மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார். குறைந்திருக்கிறது. போதுமா?

பதில்: போதாது, அம்மா. இதைப் படித்ததும் பேஸ்மேக்கர் வைத்த மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மாத்திரையில் சிவப்பு அடங்கும், உள்ளே பெட்டியிலும் ஒயரிலும் ஒட்டியிருக்கும் கிருமி அடங்காது. அது ஒயர் வழியாகவே இதயத்துக்குள் போய்விடும். பெட்டிவரை தொற்று போயிருந்தால் பெட்டி, ஒயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வேறு இடத்தில் புதிதாக வைப்பதுதான் வழி. சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. ஊசி குத்தி நீரை எடுக்க யாரையும் விடாதீர்கள். புதிய கிருமி உள்ளே போக அதுவே வழியாகிவிடும். ஆன்டிபயாடிக் எத்தனை நாள் கொடுத்தார்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனையில் கிருமி தெரியாமல் மறைந்திருக்கலாம்.

கேள்வி: செல்போன், மைக்ரோவேவ், எம்.ஆர்.ஐ. எதையெல்லாம் தவிர்க்க வேண்டும்?

பதில்: மைக்ரோவேவால் ஒன்றும் ஆகாது. செல்போனைப் பெட்டியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, எதிர்ப்பக்கக் காதில் பேசுங்கள். சட்டைப் பையில் மட்டும் வேண்டாம். சில போன்களில் இப்போது காந்தமே இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது என்ற காலம் போய்விட்டது. பெட்டியும் ஒயரும் அதற்கு ஏற்றவையா என்று அடையாள அட்டையை வைத்துப் பார்ப்பார்கள். ஸ்கேனுக்கு முன் பேஸ்மேக்கரின் செட்டிங்கை மாற்றி, முடிந்ததும் பழையபடி வைக்க வேண்டும். பழைய செட்டிங்குக்குத் திருப்பிவிட்டார்களா என்று கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 84 வயது. ஷாக் கொடுக்கும் வசதியுள்ள சி.ஆர்.டி. வைத்திருக்கிறார். இப்போது புற்றுநோய் முற்றிவிட்டது. இனி வைத்தியம் வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். இந்தக் கருவி அவருடைய கடைசி நாட்களை இழுத்தடிக்குமா என்று கேட்கவே எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

பதில்: கேட்டது நல்லது. குற்ற உணர்ச்சிக்கு இதில் எதுவுமே இல்லை. பேசிங் உயிரைப் பிடித்து நிறுத்தாது. உடம்பு ஓயும்போது ஆக்சிஜன் குறைந்து, ரத்தத்தில் அமிலம் ஏறி, இதயத் தசை தூண்டுதலுக்கு மறுமொழி தருவதை நிறுத்திவிடும். பெட்டி தட்டிக்கொண்டே இருந்தாலும் இதயம் அசையாது. அதனால் பேசிங் பகுதி அப்படியே இருக்கட்டும். அதை நிறுத்தினால் மூச்சுத் திணறல் கூடித் துன்பம்தான் அதிகமாகும்.

ஷாக் பகுதி வேறு. கடைசி மணி நேரங்களில் துடிப்பு தாறுமாறாகும்போது அது திரும்பத் திரும்ப ஷாக் கொடுக்கக்கூடும். அம்மாவுக்கு அது வலி, பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கும் தாங்காது. ஆபரேஷன் எதுவும் இல்லாமல், வெளியிலிருந்தே கம்ப்யூட்டர் மூலம் சில நிமிடத்தில் ஷாக்கை மட்டும் அணைத்துவிடலாம். வலிக்காது, அணைத்த உடனே உயிரும் போகாது. அம்மா தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கும்போதே அவர் முன்னால் மருத்துவரிடம் இதைப் பேசிவிடுங்கள். அவசரத்துக்குப் பெட்டியின் மேல் தோலில் ஒரு காந்தத்தை வைத்தாலும், வைத்திருக்கும்வரை ஷாக் வராது. அதற்கான காந்தம் கிடைக்குமா என்றும் அவர்களையே கேட்டுவையுங்கள்.

கேள்வி: பேஸ்மேக்கர் வைத்தால் எத்தனை வருடம் வாழலாம்? பாட்டரி தீர்ந்தால் இதயம் திடீரென்று நின்றுவிடுமா?

பதில்: உலகிலேயே முதன்முதலாக உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர் ஆர்னே லார்சன். 1958 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில், சென்னிங் என்ற அறுவை மருத்துவரும் எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளரும் சேர்ந்து வைத்தார்கள். அப்போது லார்சனுக்கு 43 வயது. மனைவி விடாமல் மன்றாடியதால்தான் அவர்கள் இறங்கினார்கள். அந்த முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. லார்சனோ 2001 வரை வாழ்ந்தார். இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் மாற்றிக்கொண்டு, 86 வயதில், இதய நோயால் அல்லாமல் தோல் புற்றுநோயால் காலமானார்.

பாட்டரி திடீரென்று நிற்காது. தீரப்போகும் நிலையைக் கருவியே முன்கூட்டிக் காட்டும். அதன் பிறகும் பெரும்பாலும் மூன்று மாதம் அவகாசம் இருக்கும். ஒழுங்காகச் செக்-அப் போகிறவருக்குப் பதற்றமே வராது. சாதாரண பேஸ்மேக்கர் எட்டு முதல் பன்னிரண்டு வருடம் ஓடும். சி.ஆர்.டி. அதைவிடக் குறைவாக ஓடும், ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு கீழறைகளைத் தூண்டுகிறதல்லவா.

ஒன்று மட்டும் செய்யுங்கள். பெட்டி மாற்றத் தேதி கொடுத்ததும், அதற்கு முன்பே ஒரு எக்கோ எடுத்துக்கொண்டு போங்கள். பத்து வருடத்துக்கு முன் வைத்த அதே வகைக் கருவி இன்றைக்கும் உங்களுக்குப் போதுமா, இடது பக்கத்துக்கு ஒரு ஒயர் சேர்க்க வேண்டுமா என்று முடிவு செய்யத் தோதான நேரம் அதுதான். தோலை எப்படியும் ஒரு முறை திறக்கத்தான் போகிறார்கள்.